பட்டா யார் பேரில், அனுபவம் யாரிடம்

எங்கள் ஊரில் வரப்புத் தகராறு இல்லாமல் ஒரு சாகுபடி முடிந்ததாக எனக்கு நினைவில்லை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிற சின்ன ஊர். சம்பா நடவுக்கு முன்னால் வரப்போரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுவார்கள் இல்லையா, அப்போது மண்வெட்டி இரண்டு விரற்கடை கூடுதலாக உள்ளே போகும். அடுத்த வருஷம் பக்கத்து வயல்காரரின் மண்வெட்டி இந்தப் பக்கம் இரண்டு விரற்கடை வரும். பத்து வருஷத்தில் வரப்பு பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அப்படி ஒரு தடவை என் சித்தப்பாவுக்கும் அடுத்த வயல்காரருக்கும் முற்றிப்போய் சர்வேயரைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும். அவர் புலப்படத்தை விரித்து, சங்கிலியை இழுத்து, எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். கல் இல்லை. அந்தக் கல் எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்தது என்பது எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சர்வேயர் எதுவும் கண்டுகொள்ளாதவர் மாதிரி வரப்பில் உட்கார்ந்து, இளநீரைக் குடித்துவிட்டு, இரண்டே கேள்வி கேட்டார். "பட்டா யாரு பேர்ல இருக்கு? அனுபவம் யாருகிட்ட இருக்கு?" காகிதத்தில் யாருடையது, கையில் வைத்து உழுகிறவர் யார். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவருக்கு வேலை இல்லை. வேறு வேறாக இருந்தால், இரண்டையும் அப்படியே எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவார். தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது நான் வீட்டிலிருந்தபடியே வரைபட வேலை செய்கிறேன். வலைத்தளங்களுக்கு மேப் போட்டுத் தருவதுதான் பிழைப்பு. போன வருஷம் பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் சிறு மீனவர்களோடு வேலை செய்கிற ஓர் அமைப்பு ஒரு மேப் கேட்டது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். மீன் இறங்குதளம், ஐஸ் பிளான்ட், டீசல் பங்க், ஆஸ்பத்திரி இவ்வளவுதான் காட்ட வேண்டும். ஒரு மாத வேலை என்று வாக்குக் கொடுத்தேன். ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு தடவை மாட்டிக்கொண்டபோதும் அந்த சர்வேயரின் கேள்விகளில்தான் போய் நின்றேன்.

முதலில் பெயர். கையில் இருந்த ஊர்ப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழுக்கு மாற்ற ஒரு தானியங்கி எழுத்துமாற்றியில் போட்டேன். சரியாக வருகிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த டெல்டா ஊர்களைத்தான் முதலில் கொடுத்தேன். திருவீழிமிழலை, "திருவீலிமிலலை" என்று வந்தது. ஒரே பெயரில் இரண்டு ழகரம், இரண்டையும் கொன்றுவிட்டது. கீழ்வேளூர் "கில்வேலூர்" ஆகி, ஏதோ வேலூருக்குப் பக்கத்து ஊர் மாதிரி நின்றது. வெண்ணாறு "வென்னர்". இதைப் படித்தால் யாரோ ஒரு ஜெர்மன்காரர் நீடாமங்கலம் வழியாக ஓடுகிறார் என்றுதான் தோன்றும். மாயவரம் பக்கத்துக் குத்தாலத்தை அது குற்றாலமாகவே ஆக்கிவிட்டது. அருவியில் குளிக்கத் துண்டோடு வருகிறவர் காவிரிக் கரையில் வந்து முழிக்க வேண்டியதுதான்.

காரணம் எளிது. ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் நம்பிக்கையான தனி எழுத்து இல்லை. ந, ன, ண மூன்றும் ஒரே எழுத்தில் அடங்கிவிடும். குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். ஒரு தமிழ்ப் பெயர் ஒரு தடவை ஆங்கிலத்துக்குள் போய் வந்தால் அது மாவாக அரைபட்டு வருகிறது, மாவிலிருந்து திரும்ப நெல்லை எடுக்க முடியாது. ஆனால் பெரும்பாலான வரைபடங்களில் தமிழ் லேபிள் என்பது இந்த வழியில்தான் வருகிறது. ஊர்க்காரர் எழுதுகிற பெயரைக் கேட்காமல், ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒப்பேற்றுவது. திருவீழிமிழலையில் போய்ப் பேருந்து நிறுத்தப் பலகையைப் பார்த்தால் சரியான எழுத்து அங்கே இருக்கிறது. கோயில் வாசலில் இருக்கிறது, ரேஷன் கடையில் இருக்கிறது. இயந்திரத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை.

இது புதுப் பழக்கமும் இல்லை. இந்தியாவை அளந்த மகா முக்கோண அளவை 1802இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி நடத்தினார். மலையிலிருந்து மலைக்குக் குறி பார்த்து அளப்பது அவர்கள் முறை. நம் டெல்டாவுக்கு வந்ததும் திண்டாடிப் போனார்கள், இங்கே மலை ஏது, எங்கே பார்த்தாலும் தென்னையும் வயலும்தான். அதனால் கோயில் கோபுரங்களில் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள, கோணம் அளக்கிற தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. லாம்டன் மனம் தளராமல் வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்குக் கொண்டுவந்தார். கோணத்தை அளக்க அவ்வளவு பாடுபட்ட வெள்ளைக்காரர்கள், ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தஞ்சாவூர் டாஞ்சூர் ஆனது, கொள்ளிடம் கோல்ரூன் ஆனது, சீர்காழி ஷியாலி ஆனது. தரங்கம்பாடியை அதற்கும் முன்னாலேயே, 1620இல் வந்து இறங்கிய டேனிஷ்காரர்கள் ட்ராங்கேபார் ஆக்கியிருந்தார்கள். எல்லாம் அச்சில் ஏறி, பிறகு கணினியில் ஏறி, இப்போது என் திரையில் "கில்வேலூர்" என்று நிற்கிறது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளியிட்டது ஞாபகம் இருக்கிறதா? கோயம்புத்தூருக்குக் கொடுத்த ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஊரே சிரித்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நோக்கம் தப்பில்லை, மருந்தைத் தப்பான இடத்தில் தடவினார்கள். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் ழகரம் அரைகுறையாகத்தான் வரும். தமிழில் சரியாக எழுதிய பட்டியல் ஒன்றை, எந்தக் கணினியும் எடுத்துக்கொள்கிற வடிவத்தில், அட்சரேகை தீர்க்கரேகையோடு கொடுத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் காலில் விழுந்திருப்போம்.

எழுத்தைச் சரிசெய்தபின் அடுத்த கூத்து. வரைபடத்தைத் திரையில் காட்ட ஒரு நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினேன். ஆங்கிலம் அழகாக வந்தது, தமிழில் கொம்பு தனியே நின்றது. "கோடிக்கரை" என்று கொடுத்தால் ககரம் ஒரு பக்கம், அதன் இரட்டைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் ஒரு பக்கம். தமிழில் கொம்பு உச்சரிப்பில் பின்னால் வரும், எழுத்தில் முன்னால் நிற்கும். அந்த இடமாற்றத்தைச் செய்கிற பகுதி அந்தத் தொகுப்பில் இல்லை. எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக ஒட்டிவிட்டுப் போய்விடும். நாகப்பட்டினம் தப்பித்தது, வேதாரண்யம் மாட்டிக்கொண்டது. பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபிறகு, லேபிள்களை மட்டும் சர்வரிலேயே படமாக வரைந்து அனுப்புகிற மாதிரி மாற்றினேன். கொஞ்சம் கனம்தான், மெதுவாகத்தான் வரும், ஆனால் வேதாரண்யத்தின் கொம்பு அதன் இடத்தில் இருக்கும்.

அடிப்படைத் தரவுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எடுத்துக்கொண்டேன். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, தன்னார்வலர்கள் கூடி வரைகிற வரைபடம் அது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், ஓர் ஊருக்கு ஒரே பெயர் என்று அது அடம்பிடிப்பதில்லை. தமிழ்ப் பெயருக்கு ஒரு குறிச்சொல், சிங்களத்துக்கு ஒன்று, பழைய பெயருக்கு ஒன்று, மாற்றுப் பெயருக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி வைக்கலாம். மயிலாடுதுறை என்று அரசு பெயர் மாற்றி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, 2020இல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்து பஸ் கண்டக்டர் "மாயரம், மாயரம்" என்றுதான் கத்துவார். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் அங்கே இடம் உண்டு. கும்பகோணத்தைத் தேடுகிறவரும் குடந்தையைத் தேடுகிறவரும் ஒரே இடத்தில் போய் இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரைக்கும் பெயர். நிஜமான அடி அதற்கப்புறம்தான் விழுந்தது.

மொழி மாற்றும் பொத்தானை எழுதும்போது சோம்பேறித்தனத்தில் ஒரு வேலை செய்தேன். தமிழைத் தேர்ந்தெடுத்தால் இந்திய நிலவரப்படி எல்லைகள், சிங்களத்தைத் தேர்ந்தெடுத்தால் இலங்கை நிலவரப்படி. தமிழ் படிப்பவர் இந்தியர்தானே என்று யோசிக்காமலே கை தட்டச்சு செய்துவிட்டது. மறுநாள் அந்த அமைப்புக்காக யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிற ஒருவர், வயதில் எனக்கு மூத்தவர், குரல் பதிவு அனுப்பினார். "தம்பி, இதில தமிழைத் தெரிவு செய்தா நான் இந்தியாவுக்குப் போயிடுறன். எனக்கு விசா எடுத்துத் தந்தது ஆர்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

தமிழ் ஒரு நாட்டின் மொழி இல்லை. இலங்கையில், சிங்கப்பூரில் ஆட்சி மொழி. மலேசியாவில் பள்ளிக்கூட மொழி. இது எல்லாருக்கும் தெரியும், மேடையில் பெருமையாகவும் சொல்வோம். நிரல் எழுதும்போது மட்டும் மறந்துபோகும். அவர் அதோடு விடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு மருத்துவமனை எண்டு போட்டிருக்கிறீங்கள், எங்கட பக்கம் போர்டில வைத்தியசாலை எண்டுதான் இருக்கும்." அதே மாதிரி நம் வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிற இடத்தில் அவர்களுக்குப் பிரதேச செயலகம், நம் சாலை அவர்களுக்கு வீதி. பலகையில் இருப்பதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்துக்கு வருகிறவர் வாசலைத் தாண்டிப் போய்விடுவார். ஆக, மேப் மூன்று மொழி இல்லை, மூன்றரை மொழி. அந்த அரைக்காக நான் கூடுதல் காசு கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

சரி, எல்லைக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று பார்த்துப் பழகலாம் என்று தேடினேன். அவர்கள் வழி, பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுக்குப் பிடித்த கோடு. கூகுள் மேப்ஸில் காஷ்மீர், இந்தியாவிலிருந்து பார்த்தால் முழுக்கோட்டுக்குள் இருக்கும், வெளிநாட்டிலிருந்து பார்த்தால் புள்ளிக்கோடு ஆகிவிடும். 2025இல் அமெரிக்கா மெக்சிகோ வளைகுடாவின் பெயரை அமெரிக்க வளைகுடா என்று மாற்றியதும் அமெரிக்காவில் ஒரு பெயர், மெக்சிகோவில் ஒரு பெயர், மற்றவர்களுக்கு ஒன்று அடைப்புக்குறிக்குள் என்று மூன்று விதமாகக் காட்டினார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வியாபாரம் செய்கிற உத்தி. பட்டாவைக் கேட்டவரிடம் பட்டாவைக் காட்டுவது, அனுபவத்தைக் கேட்டவரிடம் அனுபவத்தைக் காட்டுவது, இரண்டு பேரும் ஒரே டீக்கடையில் சந்திக்கும்வரை பிரச்சினை இல்லை.

சந்தித்துவிட்டால்? 2009இல் அதே கூகுள் வரைபடத்தில் அருணாசலப் பிரதேச ஊர்களின் பெயர் திடீரென்று சீன எழுத்தில் தெரிந்தது. தவறு நடந்துவிட்டது என்று நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அங்கே கோடு கூட மாறவில்லை, பெயரின் எழுத்துதான் மாறியது, அதற்கே அவ்வளவு கலவரம். காரணம் இல்லாமல் இல்லை. சீன அரசு 2017இலிருந்து அருணாசலத்து இடங்களுக்குத் தவணை தவணையாகச் சீனப் பெயர்ப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. முதலில் 6, பிறகு 15, 11, 30, 27 என்று நீள்கிறது. பட்டா வாங்க முடியாதவன் முதலில் வயலுக்குப் பெயர் வைப்பான் போல.

2010இல் நடந்தது இன்னும் வேடிக்கை. நிகரகுவா படைவீரர்கள் கோஸ்டா ரிக்கா எல்லையில் ஒரு சதுப்பு நிலத்துக்குள் போய்க் கொடி நட்டார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு அவர்களுடைய தளபதி ஏடன் பஸ்தோரா, கூகுள் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அங்கே கோடு 2.7 கிலோமீட்டர் வரை தப்பாக இருந்தது என்று நிறுவனமும் ஒப்புக்கொண்டது. வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 2015 டிசம்பரில் அந்த இடம் கோஸ்டா ரிக்காவுடையது என்று தீர்ப்பு வந்தது. ஐந்து வருஷம்! எங்கள் சித்தப்பாவின் வரப்பு வழக்கு மன்னார்குடி கோர்ட்டில் இன்னும் நடக்கிறது என்பதால் இது எனக்கு வேகமாகத்தான் தெரிகிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழி வேறு. பார்க்கிறவருக்குத் தக்கபடி கோடு மாறாது. தரையில் இன்றைக்கு யார் கட்டுப்பாடு நடக்கிறதோ அதுதான் கோடு. முழுக்க முழுக்க அனுபவம், பட்டாவை அது கேட்பதே இல்லை. அதுவும் எல்லா இடத்திலும் நிற்கவில்லை. 2014இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் க்ரைமியா பிரச்சினை வந்தபோது இரண்டு பக்கத்து ஆட்களும் மாற்றி மாற்றித் திருத்த, கடைசியில் இரண்டு நாட்டின் எல்லைக்குள்ளும் அது இருக்கிற மாதிரி வைத்தார்கள். நம் ஊர்ப் பாஷையில் கூட்டுப் பட்டா.

எனக்கு இந்த அனுபவக் கோடு பிடிக்கும். ஆனால் அதை அப்படியே போட்டால் எனக்குச் சிறை. 1961ஆம் வருஷத்துக் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஒரு பிரிவு, இந்திய நில அளவைத் துறை வெளியிடும் வரைபடத்துக்கு மாறாக இந்திய வரைபடம் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2011இல் தி எக்கனாமிஸ்ட் பத்திரிகையின் இந்தியப் பிரதிகளில் காஷ்மீர் வரைபடத்தின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். 2015இல் அல் ஜசீரா தொலைக்காட்சியை இதே காரணத்துக்காக ஐந்து நாள் நிறுத்தி வைத்தார்கள். 2016இல் வந்த ஒரு வரைவு மசோதா அபராதத்தை நூறு கோடி ரூபாய் வரை ஏற்றப் பார்த்தது, நல்லவேளை சட்டமாகவில்லை. நூறு கோடிக்கு எங்கள் வட்டத்தையே விற்றாலும் பற்றாது.

நான் போட்டது பாக் நீரிணை மேப்தானே, காஷ்மீர் எங்கே வந்தது என்று கேட்கலாம். ஜூம் செய்து வெளியே வாருங்கள், தெரியும். கோடிக்கரையில் தொடங்கி இரண்டு விரலைக் குவித்தால் நாலாவது தடவையில் லடாக் வந்து நிற்கும். முதலில் நான் கண்டுபிடித்த வழியை வெட்கத்தோடு சொல்கிறேன். வெளியே வர முடியாதபடி ஜூமைப் பூட்டிவிட்டேன். திருச்சிக்கு வடக்கே மேப் நகராது, முரண்டு பிடிக்கும். கோழைத்தனம்தான், ஆனால் இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு அமைப்பிலிருந்து, ஊர் எந்த இடத்தில் இருக்கிறது என்று புரிய முழு இந்தியாவும் இலங்கையும் தெரிய வேண்டும் என்றார்கள். நில அளவைத் துறையின் தளத்திலிருந்து அதிகாரபூர்வ எல்லையை இறக்கி, அதை மேலே போர்த்தினேன். பட்டாவைப் போர்த்தி அனுபவத்தை மறைத்தாயிற்று. சட்டத்துக்கு உட்பட்டு வாழ்கிறவன், வேறு என்ன செய்ய.

ஆனால் இந்தப் போர்வையை மூன்று மொழிக்கும் ஒரே மாதிரி போர்த்தினேன். சிங்களத்தில் பார்த்தாலும் அதே கோடுதான். யாழ்ப்பாணத்து அண்ணனின் கேலிக்குப் பிறகு எனக்குள் ஒன்று மட்டும் கெட்டியாகிவிட்டது. பார்க்கிறவருக்கு ஏற்ப மாற வேண்டியது பெயர். மாறக் கூடாதது கோடு. பெரிய நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, பெயரில் சோம்பல், கோட்டில் சுறுசுறுப்பு.

காஷ்மீர் தூரத்துச் சங்கதி. கச்சத்தீவு பக்கத்து வயல். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பாக் நீரிணைக்கு எல்லை போட்டார்கள். ஆறே ஆறு புள்ளி. முதல் புள்ளி கோடிக்கரைக்குத் தென்கிழக்கே, வடக்கு 10 பாகை 5 கலை, கிழக்கு 80 பாகை 3 கலை. அங்கிருந்து தென்மேற்கே இறங்கி, கச்சத்தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி ஓடி, தெற்கே ராமர் பாலத்தில் முடிகிறது. ஆறு எண் ஜோடிகளைத் தட்டச்சு செய்து இணைக்க எனக்கு நாலு நிமிஷம் ஆனது. 285 ஏக்கர் தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. இந்திய மீனவர்களும் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவர்களும் விசா இல்லாமல் போய்வரலாம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 1976இல் எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் இன்னொரு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது.

இதில்தான் சர்வேயரின் இரண்டு கேள்வியும் போதாமல் போனது. பட்டாவும் இலங்கையிடம், அனுபவமும் இலங்கையிடம். இரண்டு அரசுகளுக்கு நடுவில் இந்தக் கோட்டில் தகராறு இல்லை. ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன, 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்தக் கரையில் கேட்டால் வேறு கதை. நம் பக்கத்து விசைப்படகுகள் இழுவலை போட்டுத் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன என்று யாழ்ப்பாணத்து அண்ணன் மணிக்கணக்காகச் சொல்வார். இழுவலையை இலங்கை 2017இலேயே தடை செய்தது. "அந்தக் கோடு மட்டும்தான் தம்பி எங்களுக்கு மிச்சம்" என்றார் ஒரு நாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் முழுக்கோடாகவே போட்டேன். புள்ளிக்கோடு போடச் சொல்லி நாகப்பட்டினத்தில் சிலர் கேட்டார்கள். புள்ளிக்கோடு என்றால் இரண்டு அரசுகளுக்கும் சண்டை என்று அர்த்தம், அப்படி ஒன்று இல்லாதபோது போட்டால் அது பொய். அதற்குப் பதிலாகக் கோட்டைத் தொட்டால் ஒரு குறிப்பு விரியும். எந்த வருஷம், எந்த ஒப்பந்தம், என்ன சொல்கிறது, யார் ஏற்கவில்லை, ஏன். ஏழு வரி. அந்த ஏழு வரியை எழுதத்தான் ஒன்றரை மாதம். தமிழில் எழுதியதைச் சிங்களத்துக்குக் கொண்டுபோய், அங்கே வேறு ஆளை வைத்துத் திரும்பத் தமிழாக்கி, என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்போம். நாங்கள் "பறிபோனது" என்று எழுதியது அங்கே போக மறுத்தது. அவர்கள் "அத்துமீறல்" என்று எழுதியது இங்கே வர மறுத்தது. இரண்டையும் நீக்கிவிட்டோம். மூன்று மொழியிலும் ஒரே ஏழு வரி நிற்கிற வரை விடவில்லை.

இடையில் ஒரு கிளைக்கதை. இந்தக் கரையிலேயே ஒரு நாட்டெல்லை இருந்தது, நமக்கு மறந்துபோச்சு. நாகூரைத் தாண்டி வாஞ்சூரில் கால் வைத்தால் காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசம். 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அன்றைக்கே இந்தியா நிர்வாகத்தை எடுத்துக்கொண்டாலும் சட்டப்படி முழுசாக வந்தது 1962 ஆகஸ்டில். நடுவில் எட்டு வருஷம் பட்டா பாரிஸில், அனுபவம் டெல்லியில். இன்றைக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிய மேப் வேண்டாம், வரிசையாக மதுக்கடை போர்டு வந்தால் எல்லை தாண்டியாயிற்று.

வேலை முடிந்து, மேப்பைக் காட்ட வேதாரண்யம் பக்கம் கடற்கரைக்குப் போனேன். மத்தியான நேரம், வாடைக் காற்று. ஒரு பைபர் படகின் நிழலில் இரண்டு பேர் வலையைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணே, இதப் பாருங்க என்று போனை நீட்டினேன். எல்லைக் கோட்டைத் தொட்டு, ஏழு வரியைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கோடு கடல்ல எங்க தம்பி இருக்கு? நம்ம ஜிபிஎஸ்லயும் இருக்கு, அவன் கப்பல்லயும் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு புடிச்சிட்டுப் போனப்பறம்தான் தெரியும்" என்றார். அவருடைய ஜிபிஎஸ் கருவியை வாங்கிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். அவர் அதில் எதையும் படிப்பதில்லை, கோடு திரையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் போதும் அவருக்கு.

போனைக் கையில் வாங்கிக்கொண்டு, கோட்டை விட்டுவிட்டு, கரைப் பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தார். பெரிதாக்கினார். தன் ஊர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை வைத்து வாய்விட்டுப் படித்தார். "ஆற்காட்டுத்துறை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தப்பா எழுதிருக்கிய. ஆறுகாட்டுத்துறை."

பக்கத்தில் இருந்தவர் வலையிலிருந்து தலை தூக்காமலே, "அவரு சரியாத்தான் எழுதிருக்காரு. பள்ளிக்கூடத்துல என்னா எழுதிருக்கு? போய்ப் பாரு" என்றார்.

"பள்ளிக்கூடத்துல எழுதுனவன் வெளியூர்க்காரன்."

"உங்க தாத்தா பத்திரத்துல?"

அரை மணி நேரம் போயிற்று. வலை அப்படியே கிடந்தது. நான் இரண்டு பெயரையும் இரண்டு குறிச்சொல்லில் ஏற்றிவிட்டுக் கிளம்பினேன், எது பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று அவர்கள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை.